பழைய ஜென்னுக்கு வேறு இன்ஜினா, அதே இன்ஜினுக்கு மறு உயிரா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலும் புதுச்சேரி முத்தியால்பேட்டையிலும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் இப்போது பழைய மாருதி ஜென்னைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். அப்பா ஓட்டிய வண்டி, மாமா வீட்டுக் கொட்டகையில் பத்து வருடம் நின்ற வண்டி, ஆன்லைனில் பார்த்து வாங்கிய வண்டி. வாங்கிய மறு வாரமே என்னிடம் வரும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, எஸ்டீம் இன்ஜின் தூக்கி வச்சிடலாமா, இல்ல இதையே ரெடி பண்ணலாமா?" எஸ்டீம் என்பது மாருதியின் இன்னொரு கார்.

நான் இரண்டு ஜென் வைத்திருந்தேன். ஒன்று கார்புரேட்டர் வண்டி, அதன் இன்ஜினையே பிரித்து எடுத்துக் கட்டினேன். இன்னொன்றை இன்ஜின் மாற்றிய நிலையிலேயே வாங்கி, பட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த இரண்டு அனுபவத்தில் இருந்து சொல்கிறேன்: இந்த முடிவை பாதிக்கு மேல் எடுத்துக் கொடுப்பது வண்டியின் தகரமும் ஆர்.சி. புத்தகமும்தான். அதனால் இங்கே பானெட்டைக் கடைசியில்தான் திறக்கப் போகிறோம்.

கையில் இருப்பது என்ன வண்டி?

வேகமான சின்ன வண்டி என்று வெளிநாட்டில் பேசும்போது 1976-ல் வந்த ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ, 1984-ல் வந்த பெஜோ 205 ஜிடிஐ என்று தொடங்குவார்கள். நமக்கு அந்த இடத்தில் இருப்பவை முக்கியமாக இரண்டு. 1993-ல் வந்த மாருதி ஜென், 2001-ல் வந்த ஃபியட் பாலியோ 1.6.

ஜென்னின் இன்ஜின் 993 சிசி, நான்கு சிலிண்டர், முழுக்க அலுமினியம். கார்புரேட்டர் வண்டியில் 50 பிஎச்பி, பின்னால் வந்த எம்பிஎஃப்ஐ வண்டியில், அதாவது கார்புரேட்டர் இல்லாமல் கணினி பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டியில், 60. காகிதத்தில் பெரிய எண் இல்லைதான். ஆனால் வண்டியின் எடையே 750 கிலோவை ஒட்டித்தான். தாழ்ந்த உட்காரும் இடம், சின்ன ஸ்டீயரிங், திருப்பினால் உடனே திரும்பும் முன்பக்கம். ஜென்னின் உயிர் அந்த லேசான உடம்பில் இருக்கிறது. அதனால்தான் அதே குடும்பத்தைச் சேர்ந்த எஸ்டீமின் 1298 சிசி இன்ஜினை அதில் உட்காரவைக்கும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. எம்பிஎஃப்ஐ எஸ்டீமில் 85 பிஎச்பி. அதை ஜென்னின் எடையோடு சேர்த்துப் பார்த்தால் ஆசை வருவதில் தப்பே இல்லை.

பாலியோ 1.6 கதை நேர் எதிர். வண்டி கனம், தகரம் தடி. அதன் பெருமையே 100 பிஎச்பி தந்த அந்த 1596 சிசி இன்ஜின்தான். அதை எடுத்துவிட்டு வேறு எதை வைத்தாலும் அது வெறும் பாலியோ ஆகிவிடும். எனவே பாலியோ 1.6 வைத்திருப்பவர்களுக்கு என் பதில் ஒரே வரி: எவ்வளவு காலம் ஆனாலும் அதே இன்ஜினைச் சரி செய்யுங்கள். சச்சின் டெண்டுல்கர் பெயரோடு வந்த மஞ்சள் எஸ்10 வண்டிக்கும் அதே பதில். மூன்று கதவோடு குறைந்த எண்ணிக்கையில் வந்த ஜென் கார்பன், ஜென் ஸ்டீல் கிடைத்தாலும் தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள். அவை திரும்பக் கிடைக்காது.

மீதிக் கட்டுரை ஐந்து கதவு சாதாரண ஜென்னுக்கு.

ஆர்.சி.யை விரித்து வையுங்கள்

வண்டியில் அச்சடித்த சேஸிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் பென்சில் பிரின்ட் எடுங்கள். எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து அப்படியே தாளில் இறங்கும். அதை ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். வண்டி விற்கிறவர் "அதெல்லாம் கரெக்ட்டா இருக்கு தம்பி" என்று சொன்னாலும் எடுங்கள்.

நான் எடுக்காமல் விட்டேன். இரண்டாவது ஜென்னை வாங்கியபோது ஓட்டிப் பார்த்தேன், பறந்தது. பேசிய பணத்தைக் கொடுத்துக் கொண்டுவந்துவிட்டேன். ஆறு மாதம் கழித்துப் பதிவைப் புதுப்பிக்கப் போன இடத்தில் பானெட்டைத் திறந்த அதிகாரி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இன்ஜின் நம்பர் வேற இருக்கே" என்றார். விற்றவருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. அதற்குப் பிறகு நான்கு மாதம் வண்டி வீட்டு வாசலில் நின்றது. சரியான வகை இன்ஜினைத் தேடிப் பிடித்து, மாட்டி, விண்ணப்பம் கொடுத்து, பரிசோதனைக்குக் கொண்டுபோய்க் காட்டி முடிப்பதற்குள் வண்டி வாங்கிய விலை அளவுக்கே செலவு வந்துவிட்டது.

சட்டம் இதில் தெளிவு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களோடு பொருந்தாதபடி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. ஜென்னின் ஆர்.சி.யில் 993 சிசி என்று இருக்கும்போது 1298 சிசி இன்ஜினோடு சாலையில் ஓட்டினால் அது சட்டத்துக்கு வெளியே. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கோரிக்கையும் அந்த எண்ணிலேயே மாட்டிக்கொள்ளும். அடிபட்டவர் வேறொருவராக இருந்தால் அந்த இழப்பு உங்கள் தலையில் விழலாம். இதை நான் மென்று விழுங்காமல் சொல்கிறேன், ஏனென்றால் இன்ஜின் மாற்றித் தருகிறவர்கள் பலர் இதைச் சொல்வதில்லை.

பழைய இன்ஜின் செத்துவிட்டால், அதே வண்டியின் அதே வகை இன்ஜினை வைப்பது வேறு விஷயம். அதற்கு வழி இருக்கிறது. ஆனால் இன்ஜினை வாங்குவதற்கு முன்பே உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள். வாங்கும் இன்ஜினுக்கு ரசீது, அது எந்த வண்டியில் இருந்து வந்தது என்பதற்கான தாள் இரண்டும் கையில் இருக்கட்டும். ரசீது இல்லாத இன்ஜின் திருட்டு வண்டியுடையதாக இருக்கலாம். காயலான் கடையில் "ரசீது எதுக்கு?" என்று கேட்டால் அடுத்த கடைக்கு நடங்கள்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. கடலூரில் இருந்துகொண்டு பி.ஒய்.01 என்ற புதுச்சேரிப் பதிவு வண்டி வைத்திருப்பவர்கள் ஏராளம். பத்திருபது கிலோமீட்டர் தூரம்தான், ஆனால் நடுவே எல்லை. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் என்.ஓ.சி. எனும் தடையின்மைச் சான்று வாங்கி, கடலூர்ப் பதிவான டி.என்.31-க்கு மாற்ற வேண்டும். பழைய வண்டியைச் சரி செய்யத் தொடங்கும் முன் இதை முடித்துவிடுங்கள். இன்ஜின் இல்லாமல் கட்டையில் நிற்கும் வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக முடியாது. 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து ஐந்து வருடமாகத்தான் பதிவு நீளும் என்பதையும் கணக்கில் வையுங்கள். அதற்கான கட்டணமே 2022-ல் இருந்து 5,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் 20 வயது தாண்டிய காருக்கு 10,000 ஆனது.

இன்னொன்று. 50 வயது தாண்டி, மாற்றம் இல்லாமல் இருக்கும் வண்டிக்குத் தனியாக விண்டேஜ் பதிவு என்று 2021-ல் விதி வந்திருக்கிறது. 1993 ஜென்னுக்கு அந்த வயது 2043-ல் வரும். இன்று இருபது வயதில் இருக்கிறவருக்கு அது எட்டாத வருடம் இல்லை.

தரையைத் தூக்கிப் பாருங்கள்

இதுதான் நான் அதிகம் நேரம் எடுத்துச் சொல்ல விரும்பும் இடம். கோயம்புத்தூர் வண்டியும் கடலூர் வண்டியும் ஒன்றல்ல. உப்புக்கு ஈரத்தை இழுக்கும் குணம். கடற்காற்றோடு வரும் உப்பு தகரத்தின் இடுக்கில் படிந்தால், மழையே பெய்யாத மாதத்திலும் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து அந்த இடத்தை நனைத்தே வைத்திருக்கும். தேவனாம்பட்டினம் பக்கமோ புதுச்சேரி கடற்கரைச் சாலைப் பக்கமோ வெளியில் நின்ற வண்டி, கடலை விட்டுத் தள்ளி ஷெட்டில் நின்ற வண்டியைவிட இரண்டு மடங்கு வேகத்தில் போகும் என்பது என் கண்ணால் பார்த்தது.

திருப்பாதிரிப்புலியூரில் எனக்குத் தெரிந்த வயதான டிங்கர் ஒருவர் இருக்கிறார். முதல் ஜென்னை அவரிடம் கொண்டுபோய் நிறுத்தி, இன்ஜினைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, ரப்பர் மேட்டையும் அதன் கீழே இருந்த கார்ப்பெட்டையும் மடித்தார். கருப்புத் தார்ப்பூச்சு தெரிந்தது. நல்லாத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். சட்டைப்பையில் இருந்து மழுங்கிய ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கிளட்ச் பெடலுக்குக் கீழே மெல்லக் குத்தினார். அப்பளத்தில் விரல் வைத்த மாதிரி ஒரு சத்தம். ஸ்க்ரூ டிரைவர் பிடி வரைக்கும் இறங்கியது. குனிந்து பார்த்தால் ஓட்டை வழியாக ஷெட்டின் சிமெண்ட் தரை தெரிந்தது. "இன்ஜின் எங்கியும் ஓடிப்போவாது தம்பி. மொதல்ல காலு வைக்கிற எடத்தப் பாரு" என்றார்.

அந்த வரிசையிலேயே நீங்களும் பாருங்கள். முன்பக்கம் இரண்டு தரை. பிறகு பேட்டரி தட்டுக்குக் கீழே. ஆசிட் சிந்தி அரித்திருக்கும். முன் ஷாக் அப்சார்பர் மேல்முனை உட்காரும் கிண்ணம் போன்ற இடம், இது மிக முக்கியம், இங்கே வெடிப்போ அடுக்கு அடுக்காகத் துருவோ இருந்தால் பெரிய இன்ஜின் நினைப்பையே விட்டுவிடுங்கள். பின் சக்கர வளைவின் உள்பக்கம். கதவுக்குக் கீழே ஓடும் பட்டை. டிக்கியில் ஸ்டெப்னி படுக்கும் குழி. முன் கண்ணாடியின் கீழ் விளிம்பு. கையில் ஒரு சின்னக் காந்தம், அதன் மேல் மெல்லிய துணி சுற்றி எடுத்துப் போங்கள். நல்ல தகரத்தில் ஒட்டும். பட்டி போட்டு மறைத்த இடத்தில் நழுவும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பதையும் பாருங்கள். 2015 மழையில் கடலூரும், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியும், அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணைக் கரையும் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது நின்ற வண்டிகள் கழுவித் துடைத்து விற்பனைக்கு வந்தன. சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுங்கள். உள்ளே சுருண்டிருக்கும் கடைசி அரை அடியில் சேற்றின் கோடு இருந்தால் தண்ணீர் அந்த உயரம் வரைக்கும் வந்திருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் ஒயரிங்கும் போயிருக்கும்.

தரையும் பட்டையும் மட்டும் போயிருந்தால் தகரம் வெட்டி வைத்து வெல்டிங் செய்யலாம். ஷாக் கிண்ணமும், இன்ஜினைத் தாங்கும் முன் சட்டமும் போயிருந்தால் அந்த வண்டியில் எந்த இன்ஜினுக்கும் பணம் போடாதீர்கள். வேறு நல்ல உடம்பு தேடுங்கள். இதைக் கேட்டால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், தெரியும். அப்பாவின் வண்டியாக இருந்தால் இன்னும் கஷ்டம். ஆனாலும் அறுபதில் போகும்போது முன் சக்கரம் பிய்த்துக்கொண்டு வரக் கூடாது.

இன்ஜினை அளக்காமல் தீர்ப்பு எழுதாதீர்கள்

இப்போது பானெட்டைத் திறக்கலாம். "புகை வருது, புல்லிங் இல்ல, இன்ஜின் காலி" என்று காதால் கேட்டுச் சொல்வதை ஏற்காதீர்கள். சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தைக் காட்டும் கம்ப்ரஷன் கேஜ் பெரிய விலை இல்லை. நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

இன்ஜினைச் சூடாக்குங்கள். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். காயில் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள். எம்பிஎஃப்ஐ வண்டியென்றால் பெட்ரோல் பம்ப் ஃபியூஸையும் எடுங்கள். பேட்டரி நிறைந்திருக்க வேண்டும். ஒருவர் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தபடி சாவியைத் திருப்ப, இன்னொருவர் கேஜை ஒவ்வொரு துளையாகப் பிடிக்க வேண்டும். முள் ஏறி நிற்கும் வரை சுற்றவிடுங்கள்.

இந்த இன்ஜினில் 170 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) அல்லது அதற்கு மேல் நான்கிலும் வந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. சிலிண்டருக்குச் சிலிண்டர் 15-க்கு மேல் வித்தியாசம் கூடாது. என் வண்டியில் 175, 170, 120, 175 வந்தது. மூன்றாவது மட்டும் விழுந்திருந்தது. அந்தத் துளையில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்தோம், 160-க்கு ஏறியது. ஆயில் விட்டதும் ஏறினால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டர் சுவரோ தேய்ந்திருக்கிறது. ஏறாமல் அப்படியே நின்றால் வால்வு பக்கம் கசிகிறது. அன்றைக்கு எனக்கு முழு இன்ஜினையும் மாற்றச் சொன்னவர்கள் மூன்று பேர். தேவைப்பட்டது சிலிண்டர் துளையைக் கடையும் போரிங், ஒரு செட் பிஸ்டன், ரிங், வால்வு சீல், ஹெட் கேஸ்கெட், பேரிங்.

புகையின் நிறத்தையும் படியுங்கள். ஆக்ஸிலேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது நீலப்புகை குப்பென்று வந்தால் பெரும்பாலும் வால்வு சீல். அது சின்ன வேலை. விடாமல் நீலம் என்றால் ரிங். சூடான பிறகும் வெள்ளைப் புகை, ரேடியேட்டர் தண்ணீர் குறைவது, ஆயில் மூடியின் அடியில் பால் டீ நிறத்தில் குழம்பு: தண்ணீரும் ஆயிலும் கலக்கிறது. ஒரு தடவை நன்றாகச் சூடேறிய வண்டியென்றால் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்திருக்கும். லேத் பட்டறையில் நேர்விளிம்பு வைத்து அளக்கச் சொல்லுங்கள், 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைவு இருந்தால் மட்டம் செய்ய வேண்டும். பிளாக்கிலேயே வெடிப்பு, அல்லது கிராங்க் உடைந்திருக்கிறது என்றால் மட்டுமே வேறு இன்ஜினைப் பற்றிப் பேசலாம்.

பெரிய இன்ஜின் வைத்தால் கூடவே என்னென்ன வரும்

ரேஸ் டிராக்குக்கு மட்டும் ஒரு வண்டி வேண்டும், டிரெய்லரில் ஏற்றி இருங்காட்டுக்கோட்டைக்குக் கொண்டுபோவேன் என்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். இன்ஜின் மட்டும் தனியாக வராது. எஸ்டீம் இன்ஜினோ, 2005-ல் வந்த முதல் ஸ்விஃப்ட்டின் 1.3 இன்ஜினோ எடுத்தால் கியர்பாக்ஸையும் அதனுடையதாகவே எடுங்கள். பிறகு ஆக்ஸில் நீளம் பிரச்சினை வரும். வெட்டி வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பார்கள். ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள், வெல்டிங் வைத்த ஆக்ஸில் வேகத்தில் முறிந்தால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை. மவுண்டிங், ரேடியேட்டர், சைலன்சர் எல்லாம் மாறும். கார்புரேட்டர் வண்டியில் எம்பிஎஃப்ஐ இன்ஜின் வைத்தால் டேங்குக்குள் மின்சார பம்ப், திரும்பிவரும் பெட்ரோல் குழாய், இன்ஜினை இயக்கும் கணினியான ஈசிஎம், முழு ஒயரிங் வேண்டும். ஒயரிங்கை வெட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள். கனெக்டரோடு முழுதாகக் கழற்றியதை வாங்குங்கள். பாதி வண்டிகள் ஷெட்டில் மாதக்கணக்கில் நிற்பது இந்த ஒயரிங்கால்தான்.

பிரேக் இன்ஜினுக்கு முன்னால் மாற வேண்டும். 50 பிஎச்பிக்குக் கொடுத்த பிரேக்கில் 85-ஐ நிறுத்தப் பார்க்காதீர்கள்.

எடுத்த பழைய இன்ஜினை விற்காதீர்கள். ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, பிளக்கை மாட்டி, தார்ப்பாய் சுற்றி, தரையில் படாமல் மரக்கட்டை மேல் வையுங்கள்.

அதே இன்ஜினை எடுத்துக் கட்டினால்

கலசத்தைக் கழுவி வைப்பது மாதிரிப் பொறுமையான வேலை இது. கழற்றும் ஒவ்வொன்றையும் படம் எடுங்கள். போல்ட்டுகளைத் தனித்தனிக் கவரில் போட்டு மேலே எழுதுங்கள். உதிரிக்குப் புதுச்சேரியிலும் கடலூரிலும் கிடைக்காததைச் சென்னை புதுப்பேட்டையில் பார்க்கலாம். ஆனால் ரிங், பேரிங், கேஸ்கெட், டைமிங் பெல்ட் நான்கும் புதியதாகவே இருக்கட்டும். பழையதில் வாங்கலாம் என்பது கண்ணாடி, கதவு, விளக்கு, கார்புரேட்டர் உடல் போன்றவற்றுக்குத்தான்.

கார்புரேட்டர் வண்டிக்காரர்கள் ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். தொண்ணூறுகளின் ரப்பர் ட்யூப் அதற்காகச் செய்ததல்ல. ஊறி, மென்மையாகி, விரியும். எத்தனால் தண்ணீரையும் இழுக்கும். டேங்க் தொடங்கி கார்புரேட்டர் வரைக்கும் எல்லா ட்யூப்பையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். பம்ப் டயாஃப்ரமும் சேர்த்து. பெட்ரோல் வாசனை வருகிறது என்றால் வண்டியை எடுக்காதீர்கள். வாரக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கை நிரப்பி வையுங்கள்.

பணக் கணக்கு எழுதும்போது இரண்டு தாளில் எழுதுங்கள். ஒன்றில் இன்ஜின் மாற்ற ஆகும் செலவு: இன்ஜின், கியர்பாக்ஸ், ஒயரிங், பிரேக், டயர், டிரெய்லர் வாடகை. மற்றதில் எடுத்துக் கட்டும் செலவு: லேத், உதிரி, டிங்கரிங், பெயிண்டிங், பதிவு. இரண்டிலும் கடைசியில் வரும் தொகையோடு மூன்றில் ஒரு பங்கு கூட்டுங்கள். முதல் தாளில் எல்லோரும் இன்ஜின் விலையை மட்டும் எழுதி, மலிவு என்று முடிவு செய்வார்கள். எனக்குத் தெரிந்து முழுதாக எழுதிப் பார்த்த யாருக்கும் அது மலிவாக வந்ததில்லை.

என் தீர்ப்பைக் கேட்டால்: தினமும் கடலூர்-புதுச்சேரி ஓட்டப் போகும் வண்டி, ஞாயிற்றுக்கிழமை இ.சி.ஆரில் மகிழ்ச்சியாக எடுக்கும் வண்டி என்றால் அதே இன்ஜின்தான். பிளாக் வெடித்திருந்தால் அதே வகை இன்னொரு இன்ஜின், ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து. 1.3 வேண்டும் என்றால் ஏற்கெனவே ஆர்.சி. காலாவதியாகி, உடம்பு மட்டும் நன்றாக இருக்கிற வண்டியில், டிராக்குக்கு மட்டும். நல்ல ஆர்.சி.யும் நல்ல தகரமும் உள்ள ஜென்னை வெட்டாதீர்கள், அப்படிப்பட்டவை குறைந்துகொண்டே போகின்றன.

கட்டி முடித்த இன்ஜினை முதல் 1,000 கிலோமீட்டருக்கு விரட்டாதீர்கள். ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டுவதும் ஆகாது. ரிங் சுவரோடு பதியாது. எனக்கு வசதியாக இருந்தது கடலூரில் இருந்து நெல்லிக்குப்பம், பண்ருட்டி போய்த் திரும்பும் வழி. ஊர், வளைவு, கொஞ்சம் நேர்ச்சாலை, மறுபடி ஊர் என்று வேகம் தானாக ஏறி இறங்கும். 500 கிலோமீட்டரில் முதல் ஆயிலை இறக்குங்கள். அதை வெள்ளைத் துணி வழியாக வடியவிட்டு, துணியை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மினுமினுவென்று மெல்லிய பொடி இருந்தால் அது ரிங் பதியும் வேலை. விரலில் எடுக்கும் அளவு துணுக்கு இருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு லேத்காரரைக் கூப்பிடுங்கள்.